மடிக்கணினிக்குள் இருந்த இன்னொரு தளம்

டாஸ் முதல் பாஸ் வரை: கணினியை ஆளும் மென்பொருளின் கதையும், அதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த வாய்ப்பும்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினிகள் என்பது இலக்கு. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் கைகளில் கணினி வந்து சேர்ந்தது. அதே மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டிப் பள்ளிப்பட்டு வட்டத்தில் இருக்கும் பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்களுக்கு இது சாதாரண நிகழ்வு அல்ல. தறிச் சத்தத்தை நம்பிப் பிழைக்கும் எத்தனையோ வீடுகளில் பிள்ளை கொண்டுவந்த அந்தப் பெட்டிதான் முதல் கணினி.

அந்த மடிக்கணினியை முடுக்கியதும் திரையில் ஒரு சின்னப் பட்டியல் வரும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். எது வேண்டுமோ அதைச் சில நொடிகளுக்குள் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸுக்குள் போனார்கள். மறுபடி மற்றதன் பக்கம் வரவில்லை. இடத்தை அடைக்கிறது என்று பக்கத்துக் கடையில் கொடுத்து பாஸை அழித்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டில் எது என்ன, ஏன் இரண்டு வைத்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை.

கையில் தேர்வைக் கொடுப்பது வேறு. தேர்ந்தெடுக்கக் கற்றுத்தருவது வேறு. மேசைக் கணினி இயங்குதளங்களின் ஐம்பது ஆண்டு வரலாறு முழுக்க இந்தப் பாடம்தான் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. பழைய மடிக்கணினிகள் பரணுக்கு ஏறிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அந்த வரலாற்றை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

40 டாலரும் 240 டாலரும்

கணினியின் வன்பொருள் தானாக எதையும் செய்யாது. விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரைக்குக் கொண்டுபோக வேண்டும். கோப்பை வட்டில் எந்த இடத்தில் வைத்தோம் என்று நினைவில் வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஓடும் நான்கு மென்பொருள்களுக்கும் நினைவகத்தைப் பங்கிட வேண்டும். அச்சுப்பொறியோடு பேச வேண்டும். இத்தனையையும் செய்வதுதான் இயங்குதளம். நம் ஊர்க் கடைகளில் 'ஓ.எஸ். போடுறது' என்று சொல்கிறோமே, அது இதைத்தான். எந்த மென்பொருள் ஓடும், எது ஓடாது, எந்த மொழி திரையில் தெரியும் என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகிறது. எனவே இயங்குதளத்தை வைத்திருப்பவர் கையில் பெரிய அதிகாரம் இருக்கிறது.

மேசைக் கணினிகளுக்கான முதல் வெற்றிகரமான இயங்குதளத்தை 1974இல் எழுதியவர் அமெரிக்காவின் கேரி கில்டால். அதன் பெயர் சி.பி./எம். வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஒரே மென்பொருள் ஓட முடியும் என்பதை அது காட்டியது. 1980இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் புதிய சிறு கணினிக்கு இயங்குதளம் தேடியபோது கில்டாலின் நிறுவனத்தையும் அணுகியது. பேச்சு முடிவுக்கு வரவில்லை. வாய்ப்பு மைக்ரோசாஃப்டுக்குப் போனது. அப்போது பில் கேட்ஸிடம் கொடுக்க இயங்குதளம் எதுவும் இல்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதியிருந்த ஒன்றை, ஒரு லட்சம் டாலருக்கும் குறைவாகக் கொடுத்து மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதுதான் டாஸ் ஆனது.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். பி.சி. வெளிவந்தது. பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. அந்தக் கணினிக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்கள் அறிவிக்கப்பட்டன. வாங்குபவர் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பி.சி.-டாஸின் விலை 40 டாலர், கில்டாலின் சி.பி./எம்.-86 சிறிது தாமதமாக வந்தபோது அதன் விலை 240 டாலர். வாடிக்கையாளர் எதை எடுத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில் தேர்வு இருந்தது. கடையில் விலை முடிவுசெய்துவிட்டது.

மைக்ரோசாஃப்டின் உண்மையான சாமர்த்தியம் ஒப்பந்தத்தில் இருந்தது. டாஸை மற்ற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையை அது தன்னிடமே வைத்துக்கொண்டது. 1982இல் காம்பாக் நிறுவனம் ஐ.பி.எம். கணினிக்கு இணையான ஒன்றை அறிவித்தது. அதன் பின்னால் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் வந்தன. அத்தனைக்கும் டாஸ் வேண்டியிருந்தது. கணினி செய்தவர்கள் ஒருவரோடொருவர் மோதி விலையைக் குறைத்துக்கொண்டார்கள். இயங்குதளம் கொடுத்தவர் எல்லாரிடமும் காசு வாங்கினார்.

சுட்டி வந்தது, போட்டி குறைந்தது

கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் காலத்தை மாற்றிய யோசனை ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பிறந்தது. 1973இல் அங்கே உருவான ஆல்டோ என்ற கணினியில் படங்களோடு கூடிய திரையும் சுட்டியும் இருந்தன. அதிலிருந்து ஊக்கம் பெற்ற ஆப்பிள், 1984 ஜனவரியில் மெக்கின்டாஷை 2,495 டாலருக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் விண்டோஸின் முதல் பதிப்பு வந்தது. 1990இல் வந்த விண்டோஸ் 3.0 பரவலாக விற்றது. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95, கணினி என்றால் விண்டோஸ் என்ற எண்ணத்தை உலகெங்கும் நிலைநாட்டியது.

இந்த வளர்ச்சியில் தொழில்நுட்பத்துக்குப் பங்கு உண்டு. வியாபார முறைக்கும் பங்கு உண்டு. கணினி தயாரிப்பவர் அனுப்பும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் தன் இயங்குதளம் இருக்கிறதோ இல்லையோ, மைக்ரோசாஃப்டுக்குக் கட்டணம் செலுத்தும் வகையில் ஒப்பந்தங்கள் இருந்தன. வேறொன்றைப் போட நினைத்தால் இரட்டைச் செலவு. 1994இல் அமெரிக்க நீதித்துறையோடு செய்துகொண்ட உடன்பாட்டில் அந்த முறையைக் கைவிட மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. 1998இல் தொடுக்கப்பட்ட ஏகபோக வழக்கில், நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும் உத்தரவு மேல்முறையீட்டில் ரத்தானாலும், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகத் தக்கவைத்தது என்ற தீர்ப்பு 2001இல் உறுதியானது.

நம் ஊரில் கதை வேறு வழியில் நடந்தது. சென்னை ரிச்சி தெருவில் உதிரி பாகங்கள் வாங்கிக் கோத்த 'அசெம்பிள்டு' கணினிதான் தொண்ணூறுகளின் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியானது. அதில் விண்டோஸ் சி.டி. கைமாறிக் கைமாறி ஏறியது. உரிமத்தின் விலை பலருக்குத் தெரியாது. கணினி மையத்தில் கற்பித்ததும் விண்டோஸ், டி.டி.பி. கடையில் ஓடியதும் விண்டோஸ், பக்கத்து வீட்டுப் பையன் சரிசெய்யத் தெரிந்துவைத்திருந்ததும் விண்டோஸ். பழக்கம் ஒரு தலைமுறைக்குள் வேரூன்றிவிட்டது. 2011இல் மாணவர்கள் முன் அந்தச் சின்னப் பட்டியல் வந்தபோது, முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது.

கூலித்தறியும் சொந்தத்தறியும்

அந்தப் பட்டியலின் இரண்டாவது பெயருக்குப் பின்னாலும் நீண்ட வரலாறு இருக்கிறது. 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தவும் உள்ளே பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய முழு இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக அறிவித்தார். அதற்கு குனு என்று பெயர். தேவையான கருவிகள் ஒவ்வொன்றாக உருவாயின. மையமான கெர்னல் மட்டும் தயாராகவில்லை. 1991இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் சொந்தக் கணினிக்காக ஒரு கெர்னல் எழுதத் தொடங்கினார். லினக்ஸ் என்று பெயர்பெற்ற அதை அடுத்த ஆண்டே ஸ்டால்மன் வகுத்திருந்த கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தபோது முழுமையான, கட்டற்ற இயங்குதளம் உலகுக்குக் கிடைத்தது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் அதை முறையாகத் தொகுத்தது.

இரண்டு வகை இயங்குதளங்களுக்கும் உள்ள வேறுபாடு நெசவு ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும். கூலிக்கு நெய்பவருக்கு நூலும் டிசைனும் முதலாளியிடமிருந்து வரும். எதை, எத்தனை நாளைக்கு நெய்வது என்பதை அவர் சொல்வார். சொந்தத்தறி வைத்திருப்பவர் பழுதைத் தானே பிரித்துப் பார்ப்பார், டிசைனை மாற்றுவார், விரும்பினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லித்தருவார். கட்டற்ற மென்பொருள் தருவது இந்த இரண்டாவது நிலையை. விலை இல்லை என்பது அதன் பலன்களில் ஒன்று மட்டுமே.

தமிழ்நாட்டில் இந்த எண்ணம் தொண்ணூறுகளின் இறுதியிலேயே துளிர்த்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடிப் பேசினார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நாட்டின் உயர்ந்த பதவியில் இருந்த தமிழரும் இதைச் சொன்னார். 2002 நவம்பரில் பில் கேட்ஸைச் சந்தித்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், மென்பொருள் பாதுகாப்பு பற்றிய பேச்சில் இருவர் கருத்தும் வேறுபட்டதை அடுத்த ஆண்டு புணேயில் ஆற்றிய உரையில் குறிப்பிட்டார். இந்தியா போன்ற நாட்டுக்குத் திறமூல மென்பொருளே ஏற்றது என்பது அவர் வலியுறுத்திய கருத்து.

தமிழ் ஏறிய வழி

பொதட்டூர்பேட்டை அடங்கிய திருத்தணி வட்டாரம் மொழியின் பெயரால் எல்லை மாறிய மண். ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1960 ஏப்ரல் 1 அன்று அது சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் அந்த வட்டாரத்தில், தாய்மொழி அலுவலகத்துக்குள் நுழைவதன் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை. கணினிக்குள்ளும் தாய்மொழி அப்படிப் போராடித்தான் நுழைந்தது.

டாஸும் தொடக்ககால விண்டோஸும் தமிழை அறியாதவை. உலகத் தமிழர்கள் தங்கள் முயற்சியால் வழி கண்டார்கள். கனடாவில் சீனிவாசனின் 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்', சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் 'கணியன்' எல்லாம் இயங்குதளம் செய்யாததைத் தாமே செய்த முன்னோடிகள். ஆனால் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. ஒரு டி.டி.பி. கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகையை இன்னொரு கடையில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. தமிழ்99 விசைப்பலகை அதன் நிலைத்த பயன்.

முழுத் தீர்வு இயங்குதளத்தின் மட்டத்தில்தான் வந்தது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் தரத்தில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தது. ஆனால் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்த்து எழுத்தைச் சரியாகக் காட்டும் திறன் இயங்குதளத்துக்கு வேண்டும். அத்திறனை விண்டோஸ் 2000 கொண்டுவந்தது. லதா எழுத்துரு அதோடு வந்தது. ஆப்பிளின் மேக் இயங்குதளத்தில் 2005இல் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு இடம்பெற்றது. லினக்ஸில் யாருடைய முடிவுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 'ழ கணினி' போன்ற திட்டங்களின் வழியாகத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பட்டியல்களையும் கட்டளைகளையும் செய்திகளையும் தமிழில் பெயர்த்தார்கள். அந்தப் பணி இன்றும் நடக்கிறது. தமிழ் வேண்டும் என்று நினைத்தவர்களே தமிழைக் கொண்டுவர முடிந்தது. சொந்தத்தறியின் பலன் இது.

அரசு எடுத்து வைத்த அடிகள்

இந்தியாவில் அரசு மட்டத்தில் லினக்ஸை முன்னதாகக் கையில் எடுத்தவற்றில் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டும் ஒன்று. 2006–07 காலத்தில், நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். முன்னின்று, அந்நிறுவனத்தின் கணினிகளை சூஸே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அதைக் கொண்டுசெல்லும் முயற்சியும் நடந்தது.

அதே காலத்தில் சென்னையில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையமும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் இணைந்தன. அங்கே டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவான பாரத் இயங்குதளம், சுருக்கமாக பாஸ், 2007 ஜனவரியில் வெளிவந்தது. இந்திய மொழிகளில் இயங்குவது அதன் நோக்கம். நம் பிள்ளைகளின் மடிக்கணினியில் இருந்தது இதுதான். வெளிநாட்டிலிருந்து வந்த புதிர் என்று நினைத்து அழிக்கப்பட்டது, பொதட்டூர்பேட்டையிலிருந்து பேருந்தில் போய் மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் உருவான மென்பொருள்.

2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸை நிறுவலாம் என்று தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியது. பாடநூலும் விலகி நிற்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பல ஆண்டுகள், மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்கு மாற்றான ஸ்டார் ஆஃபீஸ் பாடமாக இருந்தது. 2018இல் வந்த பதினோராம் வகுப்புப் புத்தகம் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸையும் கற்பிக்கிறது.

அப்படியானால் எங்கே தவறவிட்டோம்? மடிக்கணினி எல்லாப் பாடப் பிரிவு மாணவருக்கும் போனது. அந்தப் பாடம் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு மட்டும் போனது. வரலாறு படித்த மாணவிக்கும், தொழிற்கல்வி படித்த மாணவனுக்கும் யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் கேரளம் வேறு வழியைப் பிடித்தது. அங்கே ஐ.டி.@ஸ்கூல் திட்டம் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளைப் போட்டது. பத்தாம் வகுப்பின் ஐ.டி. தேர்வையே அதில் நடத்தியது. அங்கே லினக்ஸ் பிழைத்ததற்குக் காரணம் ஆசிரியர். நம்மிடம் பெட்டி முன்னே போனது, ஆசிரியர் பின்தங்கிவிட்டார்.

2025 அக்டோபர் 14

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு அன்றோடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குச் சிறிது காலம் நீட்டிப்பு உண்டு. மற்றவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் கேட்கிறது. 2011 முதல் சில ஆண்டுகள் வழங்கப்பட்ட அரசு மடிக்கணினிகள் அந்த வரம்புக்குள் வராது. திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகை நன்றாக இருக்கிறது, ஆனால் இயங்குதளம் கைவிட்டுவிட்டது என்ற ஒரே காரணத்தால் கணினி குப்பைக்குப் போவதை ஏற்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.கியூ.டி. போன்ற இலகுவான திரைச்சூழல் கொண்ட லினக்ஸ், 4 ஜி.பி. ராம் உள்ள பழைய கணினியில் தாராளமாக ஓடும், 2 ஜி.பி. உள்ளதிலும் எழுத்து வேலைக்குப் போதும். லினக்ஸ் நமக்கு அந்நியமும் அல்ல. தறிப்பட்டறையில் சட்டைப்பையில் கிடக்கும் ஆண்ட்ராய்டு போனின் உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல். உலகின் வேகமான 500 மீக்கணினிகளும் 2017 முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிடவும் கூடாது. ஜி.எஸ்.டி. கணக்கை டேலியில் போடும் ஜவுளி வியாபாரிக்கும், பேஜ்மேக்கரில் பழைய கோப்புகள் வைத்திருக்கும் அச்சகத்துக்கும் விண்டோஸ் தேவை. அவர்கள் உரிமம் வாங்கி, புதுப்பிப்புகளைத் தவறாமல் போட்டு அதையே பயன்படுத்தட்டும். சில அச்சுப்பொறிகளும் ஸ்கேனர்களும் லினக்ஸோடு ஒத்துழைக்காது என்பதும் உண்மை. ஆனால் படிக்கும் பிள்ளைக்கு வேண்டியது உலவி, எழுத ஒரு மென்பொருள், நிரல் பழக பைத்தான், காணொளிப் பாடம் பார்க்க ஒரு இயக்கி. இவை அனைத்தும் லினக்ஸில் செலவில்லாமல் கிடைக்கின்றன.

பழைய மடிக்கணினிக்கு மறுவாழ்வு

* முதலில் படங்கள், சான்றிதழ்கள், பாடக் குறிப்புகள் அனைத்தையும் வெளி வட்டில் நகலெடுத்து வையுங்கள்.
* லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு, டெபியன், பாஸ் ஆகியவற்றில் ஒன்றை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 8 ஜி.பி. பென் டிரைவ் போதும்.
* நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். வட்டில் எதுவும் மாறாது.
* பழைய சுழல் வட்டை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் கண்கூடாக உயரும்.
* தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். லிப்ரே ஆஃபீஸில் யூனிகோட் தமிழில் எழுதுங்கள்.

இனி செய்ய வேண்டியது

கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதற்கு ஒதுக்கியது 2,000 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய முயற்சியில் இயங்குதளம் பற்றிய பயிற்சிக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். கல்லூரிக்கு ஓர் ஆசிரியருக்காவது முறையான லினக்ஸ் பயிற்சி, முதல் பருவத்தில் எல்லாத் துறை மாணவருக்கும் சில மணி நேரச் செய்முறை வகுப்பு, சந்தேகம் கேட்கத் தமிழில் ஓர் உதவி எண். கோடிகளில் வாங்கும் இயந்திரத்தின் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

ஊர் மட்டத்திலும் செய்ய நிறைய இருக்கிறது. அன்று பன்னிரண்டாம் வகுப்பில் மடிக்கணினி வாங்கியவர்களுக்கு இன்று ஏறக்குறைய முப்பது வயது. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் சென்னையிலும் கணினி சார்ந்த வேலையில் இருப்பவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பள்ளியிலோ நூலகத்திலோ ஒரு நாள் உட்கார்ந்தால், பரணில் கிடக்கும் பத்துப் பதினைந்து மடிக்கணினிகளை எழுப்பிவிடலாம். கூடவே இரண்டு மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால், அடுத்த முறை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு வளர்ந்தது இப்படித்தான்: தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொன்னார்.

1981இல் விலை முடிவுசெய்தது. தொண்ணூறுகளில் ஒப்பந்தமும் பழக்கமும் முடிவுசெய்தன. 2011இல் நமக்குச் செலவில்லாத ஒரு தேர்வு கையிலேயே கிடைத்தது, கற்பிக்காமல் விட்டோம். அடுத்த தொகுதி மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போகும்போது, இரண்டு தளங்களையும் ஓட்டிக் காட்டும் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இருக்க வேண்டும். அதன் பிறகு மாணவர் விண்டோஸை எடுத்தாலும் லினக்ஸை எடுத்தாலும், அது அவருடைய சொந்த முடிவாக இருக்கும்.